பூட்டைத் திறந்த காவக்காரர்

ஆத்தங்குடிக் கல், பர்மா தேக்கு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு. செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி எழுத வருகிறவர்கள் இதையெல்லாம் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த வீடுகள் பலவும் வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டிக் கிடப்பதும், அந்தப் பூட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் மாதச் சம்பளத்துக்கு முகப்புத் திண்ணையில் படுத்துக் கிடப்பதும் எழுத்தில் அதிகம் வருவதில்லை. அப்படி ஒரு காவக்காரரைப் பற்றித்தான் எழுத வந்தேன். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் எங்கள் ஊரைப் புரட்டிப் போட்டபோது, எங்கள் பின்தெருவில் ஒரு மனுஷ உயிர்கூடப் போகவில்லை. அதற்கு அவர்தான் காரணம். ஆனால் அந்த ஒரு ராத்திரிக்காக மட்டும் இதை எழுதவில்லை. அதற்குப் பிறகு ஊரில் என்னென்ன மாறியது என்பதையும் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டம், திருமயம் வட்டம். செட்டிநாடு என்றால் காரைக்குடியும் சிவகங்கை மாவட்டமும்தான் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். ராயவரம், கடியாபட்டி, கோனாபட்டு எல்லாம் இந்தப் பக்கம்தான் இருக்கின்றன. நான் பலகாரம் போட்டு விற்கிறவள். மணகோலம், தேன்குழல், சீப்புச் சீடை, அதிரசம். கல்யாண ஆர்டர் வந்தால் கூடமாட ரெண்டு பெண்கள் வருவார்கள். நான் சொல்லும் பெரிய வீட்டின் பின்வாசல் எங்கள் தெருவில் திறக்கிறது. முகப்பு ஒரு தெரு, கொல்லைக் கதவு அடுத்த தெரு என்று நீளமாகக் கட்டுவதுதான் இங்கே வழக்கம். முன்தெரு பூராவும் அப்படிப்பட்ட வீடுகள். பின்தெருவில் எங்களைப் போல ஓட்டு வீடுகள் கொஞ்சம், மண்சுவர் வைத்த கூரை வீடுகள் கொஞ்சம், தகரம் போட்டவை கொஞ்சம்.

கஜா வருகிறது என்று டிவியில் நாலைந்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடலோர மாவட்டங்களில் 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை முன்கூட்டியே முகாம்களுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எங்களுக்கு அது பக்கத்து வீட்டுச் செய்தி மாதிரி இருந்தது. "அது நாகப்பட்டினத்துக்கு வர்ற புயல், நமக்கு மழைதான்" என்று டீக்கடையில் பேச்சு. புயல் கரையைக் கடந்ததும் செத்துவிடும் என்ற நினைப்பு உள்நாட்டு ஊர்க்காரர்களிடம் ஆழமாகவே இருக்கிறது. கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் நள்ளிரவுக்கு மேல் கரையேறியது. காற்று மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல். கரையேறிய பிறகும் புயலாகவே புதுக்கோட்டைக்குள் வந்தது. ஆலங்குடிப் பக்கம் தலைமுறை தலைமுறையாக நின்ற பலா மரங்கள் வேரோடு சாய்ந்ததெல்லாம் கடற்கரையிலா நடந்தது? வானிலை அறிக்கையில் 'கரையைக் கடக்கும் இடம்' என்று ஒரு ஊர்ப் பெயர் வரும். அதோடு நிறுத்திவிடாமல், அதற்கு மேல் எந்தத் திசையில் போகும் என்று சொல்வதையும் கேட்க வேண்டும். உள்நாட்டில் இருக்கிறவர்களுக்கு அந்த ரெண்டாவது வரிதான் முக்கியம்.

காவக்காரர் மட்டும் அதைக் கேட்டார். 1977 நவம்பர் புயலின்போது இளவட்டம். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் வேலை பார்த்தவர். அந்தப் பயம் அவருக்குப் போகவே இல்லை. சாயந்தரமே வந்து, "தங்கச்சி, அண்டாவுல தண்ணி புடிச்சு வையி, போனுக்குச் சார்ஜ் ஏத்து, சிலிண்டரை மூடிரு" என்று சொல்லிவிட்டுப் போனார். மாடு வைத்திருந்தவர்களிடம், ராத்திரி கயிற்றை அவிழ்த்து விட்டுவிடுங்கள் என்றார். சிரித்தார்கள். மறுநாள் பார்த்தால், தறியில் கட்டிக் கிடந்த மாடுகள் கொட்டகைக்கு அடியில் செத்துக் கிடந்தன. அவிழ்த்து விட்டவை கண்மாய்க் கரையில் நின்றன.

நடுச்சாமத்துக்கு மேல் கரண்ட் போனது. காற்றின் சத்தம் மாறிக்கொண்டே இருந்தது. முதலில் ஊளை, அப்புறம் யாரோ பாத்திரக் கடையை உருட்டிவிட்ட மாதிரி தகரமும் ஓடும் விழுகிற சத்தம். அப்போதுதான் கொல்லைக் கதவு திறந்தது. அரிக்கேன் விளக்கோடு அவர் நின்று கத்தினார்: "எல்லாரும் உள்ள வாங்க. சாமான் எடுக்காதீங்க. புள்ளைகளைத் தூக்கிட்டு வாங்க."

இது எத்தனை பெரிய காரியம் என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. அந்த வீடு ஒருத்தருக்குச் சொந்தமில்லை. பங்காளிகள் பல புள்ளிகள், அதாவது தனித்தனிக் குடும்பங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் வளவில், நடு முற்றத்தைச் சுற்றி, ஒரு அறை, அறைக்கு ஒரு பூட்டு, உள்ளே பாட்டி காலத்துப் பித்தளையும் வெண்கலமும். சிலர் சென்னை, சிலர் சிங்கப்பூர். இந்த மாதிரி வீடுகளில் தூணும் நிலையும் விளக்கும் களவு போவது வழக்கமாகிவிட்ட காலம். காவக்காரருக்கு உத்தரவு ஒன்றே ஒன்று: எவரையும் உள்ளே விடாதே. விட்டு, ஒரு தூக்குவாளி காணாமல் போனால்கூடத் திருட்டுப் பட்டம் அவருக்குத்தான். அவர் போன் போட்டுப் பார்த்திருக்கிறார். ஒருத்தர் எடுக்கவில்லை. அடுத்தவருக்குப் போடுவதற்குள் டவர் போய்விட்டது. அப்புறம்தான் சாவியைத் திருப்பியிருக்கிறார். காற்றில் போய் நின்ற தைரியத்தைவிட இந்தத் தைரியத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். காற்று ஒரு ராத்திரி. கெட்ட பேர் சாகிற வரைக்கும்.

உள்ளே நுழைந்தவர்களில் சிலர் பின்பக்கத்து இரண்டாங்கட்டோடு நின்றுவிட்டார்கள். கூரை வீட்டு ஆட்கள். அந்த வீட்டுக்குள் அதற்கு முன் வெள்ளையடிக்கவும் நெல் தூக்கவும்தான் வந்திருப்பார்கள். யாரும் தடுக்கவில்லை, கால்தான் நகரவில்லை. அவர் விளக்கைத் தூக்கிப் பிடித்து, "அங்க ஓடு பறக்குது, பட்டாலைக்குப் போங்க" என்று முன்பக்கத்துப் பெரிய கூடத்துக்கு முதுகில் கை வைத்துத் தள்ளினார். அவ்வளவுதான். இதைப் பற்றி ஊரில் இன்றைக்கு வரைக்கும் யாரும் பேசுவதில்லை. பேசாமல் இருப்பதும் ஒரு வகையில் சரிதான் என்று விட்டிருக்கிறேன்.

அவர் செய்ததில் மூன்று விஷயங்கள் எவருக்கும் உதவும்.

முதலாவது, கதவு. முன்தெருப் பக்கம்தான் காற்று அறைந்தது. முகப்பில் கதவைத் தட்டின சத்தம் கேட்டும் அவர் திறக்கவில்லை. ஜன்னல் வழியாக, "சுத்தி வாங்க, கொல்லைப் பக்கம் வாங்க" என்று கத்தினார். கல்நெஞ்சு என்று எனக்கு அப்போது தோன்றியது. காற்று அறையும் பக்கம் ஒரு கதவைத் திறந்தால் அது உள்ளே புகுந்து மேலே இருக்கிற ஓட்டையும் கூரையையும் தூக்கும் என்பது பிற்பாடுதான் விளங்கியது. முகப்புக் கதவுக்கு உள்பக்கம் நெல் மூட்டையை அடுக்கி, தாழ்ப்பாளுக்குக் குறுக்கே உலக்கையைக் கொடுத்திருந்தார். இத்தனை பெரிய தேக்குக் கதவுக்கே அது தேவைப்பட்டது.

இரண்டாவது, தலை எண்ணுவது. ஆட்கள் வரவர வீடுவாரியாகப் பேர் கேட்டார். என் பக்கத்து வீட்டுப் பையனிடம் தேதி கிழிக்கிற காலண்டரைக் கொடுத்து, தாள்களின் பின்பக்கத்தில் எழுதச் சொன்னார். எழுதி முடித்ததும்தான், தெருக் கடைசி அப்பத்தாவின் பேர் இல்லை என்று தெரிந்தது. மகன் வெளியூர் வேலை. ஒண்டிக்கட்டை. காதும் கேட்காது. கூட்டத்தில் எல்லாரும், யாராவது கூட்டி வந்திருப்பார்கள் என்று நினைத்திருந்தோம். தாளில் பேர் இல்லாததால்தான் அவர் கிளம்பினார். போகும்போது ஒரு மரப் பலகையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார். அப்பத்தாவைத் தோளில் போட்டு வரும்போது பறந்து வந்த தகரம் ஒன்று கெண்டைக்காலைக் கிழித்துவிட்டது. அப்பத்தா வீட்டு மண்சுவர் விடிவதற்குள் உட்கார்ந்துவிட்டது. புயலில் சாகிறவர்களில் பலர் காற்றில் சாவதில்லை. நனைந்த சுவர் மேலே விழுந்து சாகிறார்கள்.

மூன்றாவது, காற்று அடங்கினபோது திறக்காமல் இருந்தது. ஒரு கட்டத்தில் சத்தம் குறைந்தது. ஆம்பளைகள் வீட்டைப் பார்க்க எழுந்தார்கள். காவக்காரர் கதவுக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். கெண்டைக்காலில் துண்டைச் சுற்றியிருந்தார், ரத்தம் ஊறியிருந்தது. "எழுபத்தேழுல இப்படித்தான் அமந்துச்சு. வெளிய போனவன் திரும்பி வரல. எதிர்ப்பக்கத்துல இருந்து மறுபடி அடிக்கும். விடியட்டும்." புயலின் நடுப்பகுதி ஒரு ஊரைக் கடக்கும்போது இப்படி அமைதியாகும், பிறகு காற்று திசை மாறி அடிக்கும். எங்கள் ஊரில் வந்தது அந்த நடுப்பகுதிதானா, வெறும் இடைவெளியா என்று யோசித்துக்கொண்டிருக்கிற நேரமில்லை அது. மறுபடி அடித்தது. அதுதான் என் வீட்டு ஓட்டைக் கொண்டுபோனது.

விடிந்ததும் தெருவில் நடக்க வழியில்லை. மரம், கம்பம், கம்பி. புயலில் தமிழ்நாட்டில் லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன என்று பின்னால் கணக்குச் சொன்னார்கள். சரிசெய்யக் கேரளத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். எங்களுக்குக் கரண்ட் வர ரொம்ப நாள் ஆனது. அறுந்து கிடக்கிற கம்பியில் கரண்ட் இல்லை என்று யார் சொன்னாலும் தொடக்கூடாது. எங்கோ ஒருத்தர் ஜெனரேட்டர் போட்டு, அது லைனில் ஏறினால்கூட ஆளை அடிக்கும். ஆணி, தகரம் குத்தினவர்கள் காயம் சின்னதாக இருந்தாலும் டெட்டனஸ் தடுப்பூசி பற்றி ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொள்ள வேண்டும். காவக்காரர் காலில் தையல் போட்ட ஆஸ்பத்திரியில் அன்று பெரிய வரிசையே அதற்காக நின்றது.

சாப்பாட்டுக்கு என் பலகாரம். ஒரு சாந்தி கல்யாண ஆர்டருக்குப் போட்டு டின்னில் அடைத்திருந்தேன். மேலே ஓடு இல்லை, ஆனால் டின் மூடி இறுக்கம், ஒரு சொட்டுத் தண்ணீர் புகவில்லை. காலையில் குழந்தைகளுக்கு மணகோலம், பெரியவர்களுக்குத் தேன்குழல். மத்தியானம் அந்த வீட்டில் பந்தி போடுகிற பந்திக்கட்டில் அடுப்பு மூட்டிக் கஞ்சி. புயலுக்கு முன்னால் பிஸ்கட், ரொட்டி என்று வாங்குகிறார்கள், பாக்கெட்டைப் பிரித்துவிட்டால் அது சீக்கிரம் கெட்டுவிடும். அரிசி மாவில் சுட்டு இறுக்கமாக அடைத்த பலகாரம் வாரக்கணக்கில் நிற்கும். வியாபாரத்துக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் வியாபாரத்துக்காகவும்தான். தண்ணீருக்கும் அந்த வீடுதான் உதவியது. முற்றத்து ஓரங்களில் கூரைத் தண்ணீர் இறங்கும் இடத்தில் பெரிய பித்தளைக் கிடாரங்கள் இருந்தன. பாத்திரம் கழுவ, துணி அலச அது போதும். குடிக்கக் கொதிக்கவைத்தோம்.

இனி, வந்த பேச்சு. டவர் வந்ததும் வாட்ஸாப்பில் படம் போய்விட்டது, வளவில் பாய் விரித்து ஆட்கள் படுத்திருக்கிற படம். ஒரு பங்காளிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. யாரைக் கேட்டுத் திறந்தாய், தரைக்கல்லில் விறகு வெட்டினார்களாமே, என் அறைப் பூட்டு எப்படி இருக்கிறது. அவர் சொல்வதில் பாதி நியாயம் என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். நாலு கல்லில் கீறல் விழுந்தது உண்மை. காவக்காரர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. மடியில் இருந்து அந்தக் காலண்டர்த் தாள்களை எடுத்துக் கொடுத்தார். வந்த ஆட்களின் பேர் மட்டுமில்லை, அவர் பாட்டுக்கு வேறொன்றும் எழுதச் சொல்லியிருக்கிறார்: எந்தெந்தக் கதவு திறந்தது, எப்போது, யார் சாட்சி. 'பட்டாலை திறந்தது. இரண்டாங்கட்டு திறந்தது. புள்ளி அறைப் பூட்டு எதுவும் தொடவில்லை.' கீழே என் கையெழுத்தும் இன்னும் ரெண்டு பேருடையதும். விளக்கு வெளிச்சத்தில் போட்டதால் கோணல் மாணலாக இருக்கும்.

பயத்தில் எழுதின தாள் அது. திருடன் என்று சொல்லிவிடுவார்களோ என்று. அந்தத் தாளைப் பார்த்துத்தான், அந்த வீட்டுப் பெரிய ஆச்சி ஒருவர் மற்றப் பங்காளிகளிடம் பேசினார். "கடல் பொங்கித்தான் காவிரிப்பூம்பட்டினத்தை விட்டு வந்தோம்னு கதை சொல்றோம்ல, அப்ப நமக்கு ஒருத்தன் கதவு திறந்திருப்பான்ல" என்று போனில் சொன்னாராம். மறுவருஷம் முன்னோர்களுக்குச் செய்யும் படைப்புக்குப் பங்காளிகள் ஊருக்கு வந்தபோது உட்கார்ந்து பேசி ஒரு கடிதம் தயாரானது.

அந்தக் கடிதம்தான் அவர் விட்டுப் போன சொத்து என்பேன். ஒரு பக்கம்தான். புயல், வெள்ளம், தீ என்று எது வந்தாலும் காவலில் இருப்பவர் யாரையும் கேட்காமல் பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, பந்திக்கட்டு, கொல்லைக் கட்டு திறக்கலாம். புள்ளி அறைகள் கூடாது. திறந்தால் பேரும் நேரமும் எழுத வேண்டும், ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்து. விறகு கொல்லையில் மட்டும் வெட்ட வேண்டும். சேதமானால் காவலர் பொறுப்பில்லை, பங்காளிகள் பொதுக்கணக்கு. கொல்லைக் கதவின் இன்னொரு சாவி பின்தெருவில் ஒரு வீட்டில். அது என் வீடு. கடிதத்தின் நகல் கிராம நிர்வாக அலுவலரிடமும் பஞ்சாயத்திலும் இருக்கிறது. ஒரு புள்ளி இன்னமும் கையெழுத்துப் போடவில்லை. அவர்கள் அறைப் பக்கம் யாரும் படுப்பதில்லை, தகராறும் இல்லை.

2020 டிசம்பரில் புரெவி புயல் ராமநாதபுரம் பக்கம் வரும் என்றார்கள். கொரோனா காலம். பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் ஒன்றாக அடைப்பதற்குப் பயந்தார்கள். நாங்கள் சாயந்தரமே கதவைத் திறந்துவிட்டோம். போன் இல்லை, கெஞ்சல் இல்லை. குடும்பத்துக்கு ஒரு மூலை, நடுவில் இடம், முகக்கவசம். அப்பத்தா பேர் நோட்டில் முதல் பேர். புயல் மன்னார் வளைகுடாவிலேயே வலுவிழந்தது, எங்களுக்கு மழையோடு போயிற்று. வீணாக அலைக்கழித்தார்கள் என்று சிலர் முனகினார்கள். எனக்கு அந்த ராத்திரிதான் பெரிய திருப்தி. கஜாவன்று அவர் ஒருத்தர் எடுத்த துணிச்சல் அன்று யாருக்குமே தேவைப்படவில்லை. அவர் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். கதவைத் திறந்தது நான்.

2022-ல் அவர் காலமானார். வயசு, சர்க்கரை. கால் வெட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இப்போது அவர் மகள் காவல் பார்க்கிறாள். அவர் பேரில் வளைவு வைக்கலாம், கல்வெட்டு வைக்கலாம் என்று ஊரில் ரெண்டு தடவை பேச்செழுந்து அடங்கியது. வைத்தால் நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் வருஷா வருஷம் ஐப்பசி பிறக்குமுன் நாங்கள் செய்கிற வேலையை விட்டுவிட்டு வளைவை மட்டும் வைத்தால் பிரயோஜனமில்லை. பூட்டுக்கு எண்ணெய் விட்டு ரெண்டு சாவியையும் போட்டுப் பார்க்கிறோம். கூரை வீட்டில், மண்சுவர் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், தனியாக யார், நடக்க முடியாதவர் யார், மாத்திரை சாப்பிடுகிறவர் யார் என்று நோட்டைப் புதுப்பிக்கிறோம். ஒவ்வொரு பேருக்கும் எதிரில், அவரைக் கூட்டி வர வேண்டியவர் பேர். 'யாராவது' என்று விட்டால் ஒருத்தரும் போக மாட்டார்கள், அது அன்றைக்கே தெரிந்துவிட்டது. நோட்டு அட்டையில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, ஆம்புலன்ஸ் 108, கரண்டுக்கு மின்னகம் 94987 94987. போனில் இருக்கிறதே என்பார்கள். போன் செத்தபோது அடுத்தவர் போனில் போட எழுத்தில் இருந்தாக வேண்டும்.

நோட்டில் பேர் குறைந்துகொண்டு வருகிறது. கூரை வீடுகள் சிலது காங்கிரீட் வீடாகிவிட்டன, அந்தக் குடும்பங்கள் இனி வர வேண்டியதில்லை. போன வருஷம் பக்கத்து ஊரிலிருந்து ஒரு வீட்டுக்காரர், சென்னையில் இருக்கிறவர், அந்தக் கடிதத்தின் நகல் கேட்டு வாங்கிப் போனார். அவர் வீட்டில் பங்காளி ரெண்டே புள்ளி, கையெழுத்து சுலபம். அவர்கள் பக்கம் ஆடு மாடு அதிகம். அதனால், கொல்லைக் கட்டில் கால்நடைகளையும் விடலாம், சாணி அள்ளுவது மாட்டுக்காரர் பொறுப்பு என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளச் சொன்னோம்.